படிக்காதவர்களுக்கு ஹாலில் இடமில்லை

அத்தியாயம் பதினான்கு

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு சாண்ட்ரா சட்டம் போட்டுவிட்டாள்.

“இன்னிக்கு நாலு மணிக்கு ‘வால்மோர்’ மொத எபிசோட். என் ஃபிரண்ட்ஸ் வர்றாங்க. புக்கைப் படிக்காதவங்க யாரும் ஹால்ல உக்காரக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன் லா.”

ஊருக்குப் பொதுவாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் புக்கைப் படிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சாண்ட்ராவின் அம்மா ரீத்தா. அவருக்கு ஹாலில் சொந்த நாற்காலி உண்டு. அதிலிருந்து அவரை எழுப்ப பிஷப்பே வந்தாலும் நடக்காது. மிச்சம் இருப்பவள் யார் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கத் தேவையில்லை.

பிரமிளா சம்பாலை ஓரமாக ஒதுக்கினாள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. காலை வேளையில் காரம் ஒத்துக்கொள்வதில்லை. நாத்தனாரின் பேச்சு எந்த வேளையிலும் ஒத்துக்கொள்வதில்லை.

“அவ எதுக்குக்கா படிக்கணும்?” என்றான் கெல்வின், மனைவிக்குப் பரிந்துகொண்டு. “சும்மா பாத்துட்டுப் போகட்டும். படிச்சிட்டுப் பாத்தா அடுத்து யாரு சாவான்னு தெரிஞ்சிடும். அப்புறம் என்ன ருசி இருக்கு?”

“படிக்காமப் பாத்தா, அடுத்தவன் மென்னு துப்பினதை முழுங்கற மாதிரி.”

“சாப்பிடற எடத்துல இதென்ன பேச்சு?” என்று ரீத்தா முகம் சுளித்தார். “காலையில பூசையில நன்மை வாங்கிட்டு வந்த வாயா இது?”

சாண்ட்ரா அம்மாவைக் கண்டுகொள்ளவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவ படிக்கக் கூடாதுன்னு ஒனக்கு என்ன அவ்ளோ அக்கறை?”

“அக்கறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயும் வயிறுமா இருக்கறவ தலகாணி சைஸ் புக்கைத் தூக்கிட்டு அலையணுமா?”

பிரமிளாவுக்கு அப்போது கணவன் மேல் பாசம் பொங்கியது. பாவம், பொங்கட்டும். சாயங்காலம் வரைதானே.

‘வால்மோர்’ ஐந்து பாக ஆங்கிலக் கதை. கடல் நடுவே பாறைமேல் ஒரு கோட்டை, அதைப் பிடிக்க நினைக்கும் நான்கு நாடுகள், பேசும் கழுகுகள், இன்னும் என்னென்னவோ. பள்ளிக்கூட நாளிலிருந்து அக்காவும் தம்பியும் அதை மாற்றி மாற்றிப் படித்து ஊறியவர்கள். பாயான் பாருவில் இருக்கும் இந்த வீட்டில் மழை பெய்தால் அந்தக் கதையில் ஒரு வசனம் வரும். மீன் குழம்பு கெட்டுப்போனால் அதற்கும் ஒரு வசனம் வரும். சாண்ட்ரா இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். கெல்வின் ஃபேக்டரியில் எஞ்சினியர். இருவரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

பைராம் தோட்டத்திலிருந்து ஒன்றரை வருடம் முன்பு மருமகளாக வந்த பிரமிளாவுக்கு அந்தக் கதையிலிருந்து கிடைத்தது ஒரு பெயர் மட்டும்தான். ஒரீனா.

“அந்தக் கதையில வர்ற ராணி. ரொம்ப அழகு. நல்லாச் சமைப்பா,” என்று நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் கெல்வின் சொன்னான். அதிலிருந்து அவள் அவனுக்கு ஒரீனா. மாமியாருக்கும் ஒரீனா. மாதா கோயிலில் பக்கத்து பெஞ்சுப் பெண்களுக்கும் ஒரீனா. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்தபோது, கொஞ்சமும் யோசிக்காமல் பெட்டியில் அதையே அச்சடித்தாள்: ‘ஒரீனா கேக்ஸ்’. ஊதா எழுத்து, பக்கத்தில் சின்னக் கிரீடம்.

சாண்ட்ரா மட்டும் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் வாயில் எப்போதும் ‘பிரமிளா’தான், அதுவும் வகுப்பில் பெயர் கூப்பிடுகிற தொனியில். தன்னைக் கொஞ்ச மனசு வராதவள் என்று பிரமிளா அதற்கும் சேர்த்து அவளை வெறுத்தாள்.

போன வாரம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிரமிளாவின் அண்ணன் தயாளன், வளைகாப்புக்கு நாள் குறிக்க வளையலும் பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார். “எங்க வீட்டுப் புள்ளைக்குத் தோட்டத்துக் கோயில்ல வெச்சு ஒரு சடங்கும் வேணாம். இந்தக் கேட்டைத் தாண்டி வராதீங்க,” என்று கெல்வின் சொல்ல, சென்சர் கெட்டுப்போன அந்த ஆட்டோ கேட் தயாளனின் முழங்கையை உரசிக்கொண்டே மூடியது. பிரமிளா சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கணவன் பக்கம் நிற்பதுதான் முறை என்று நினைத்தாள்.

அதே இரவோடு, அவள் கொஞ்ச நாள் முன்பு எடுத்துப் பாதி வரை படித்திருந்த ‘வால்மோர்’ முதல் பாகமும் அலமாரியிலிருந்து காணாமல் போனது. நாத்தனாரின் வேலை என்றே முடிவு கட்டியிருந்தாள்.

அதனால்தான், சாண்ட்ரா சமையலறைக்குள் வந்து கேக் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தைத் தொப்பென்று போட்டபோது, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என் சொந்தக் காப்பி. யாருக்கும் குடுக்கறதில்ல. பட்டர் கைய வெச்சே, அப்புறம் இருக்கு ஒனக்கு.”

“எதுக்கண்ணி இது?”

“நாலு மணிக்குள்ள படி. இல்லன்னா ஹால் பக்கம் தலைய நீட்டாதே.”

“நேத்து வரைக்கும் ஒளிச்சு வெச்சிட்டு இன்னிக்கு வந்து படிங்கறீங்க. நல்லா இருக்கு.”

சாண்ட்ராவின் புருவம் ஏறியது. “நான் ஒளிச்சேனா? எந்த எடத்துல நிறுத்துனே?”

“கல்யாணம் முடிஞ்சு ஒரீனா கோட்டைக்குள்ள வர்ற எடம்.”

“ஓஹோ.” சாண்ட்ரா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “கரெக்டா அங்க வந்தப்பத்தான் புக்கு காணாமப் போச்சா?”

“என்னண்ணி சிரிக்கிறீங்க?”

“ஒண்ணும் இல்ல. நீ நல்லா இருக்கணும்னு நான் இதைக் குடுக்கல. பக்கத்துல உக்காந்து இது யாரு அது யாருன்னு நச்சரிக்கற ஆளுங்களைக் கண்டா எனக்கு ஆகாது. அவ்ளோதான்.”

போய்விட்டாள். பிரமிளா அவள் முதுகைப் பார்த்து வாய்க்குள்ளேயே வசமாகத் திட்டினாள். அச்சில் ஏற்ற முடியாத சொற்கள் என்பதால் விட்டுவிடுவோம்.

அன்றைக்கு அவள் செய்ய வேண்டியது கேக் லாப்பிஸ். சாண்ட்ராவின் விருந்தாளிகளுக்காகத்தான். அவசரக்காரர்கள் செய்கிற கேக் இல்லை அது. ஒரு கரண்டி மாவை ஊற்றிப் பரப்பி, ஓவனின் மேல் சூட்டில் பொன்னிறமாக வாட்டி, வெளியே எடுத்துத் தட்டைக் கட்டையால் அழுத்தி, அதன் மேல் அடுத்த கரண்டி. இப்படியே அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு அடுக்கு வேகும்போதும் ஓவன் முன்னாலேயே காத்துக் கிடக்க வேண்டும். கண்ணை எடுத்தால் கருகிவிடும்.

காத்துக் கிடக்கும் நேரத்தில் படிக்கலாமே என்று தோன்றியது. அவள் ஆங்கிலம் சாண்ட்ராவின் ஆங்கிலம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடாது. ஆனால் ஃபேக்டரியில் ஆறு வருடம் அதே மொழியில் சோதனை அறிக்கை எழுதியவள். ஸ்டூலை ஓவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் அடுக்கு. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரீனா வெள்ளைக் குதிரையில் கோட்டைக்குள் வருகிறாள். சதுப்பு நிலத்துக்காரி, காலில் எப்போதும் சேறு என்று அரண்மனைப் பெண்கள் முணுமுணுக்கிறார்கள். பிரமிளாவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

இரண்டாவது, மூன்றாவது. ஒரீனா சமையல்கட்டில் நுழைகிறாள். தேன் ரொட்டி சுடுகிறாள். முகம் கொடுத்துப் பேசாத மாமியார் ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொரு துண்டு கேட்கிறாள். பிரமிளா தனக்குள் சிரித்துக்கொண்டே மாவை ஊற்றினாள். நம்ம கதையேதான்.

கெல்வின் எட்டிப் பார்த்தான். கிட்டே வரும் அரவம் கேட்டதுமே அவள் புத்தகத்தை மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். ஏன் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது.

“நான் காடியை ஓட்டிட்டுப் போய் நாற்காலி வாங்கியாறேன். ஐஸும் தீந்துடுச்சு. ஒரீனாவுக்கு வேற ஏதாச்சும் வேணுமா?”

“ஒண்ணும் வேணாங்க.”

“அக்கா பேச்சைப் பெருசா எடுத்துக்காதே. நீ என் பக்கத்துல உக்காந்துதான் பாக்கறே. அடுத்து என்னன்னு தெரியாமப் பாக்கறதுதான் ஜாலி.” கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

ஒன்பதாவது அடுக்கை ஓவனுக்குள் வைத்துவிட்டு அவள் படித்த பக்கத்தில், ஒரீனா மேற்கு வாசல் காவலாளிகளுக்குத் தேன் ரொட்டி கொண்டுபோனாள். அவர்கள் வாழ்த்திக்கொண்டே தின்றார்கள். தின்றவர்கள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். ஒரீனா இரண்டு கைகளாலும் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினாள். வெளியே தீவட்டிகளோடு அவள் அண்ணன் நின்றான். அவனுக்குப் பின்னால் சதுப்பு நிலத்துப் படை.

பிரமிளா பக்கத்தைத் திருப்பினாள். பொழுது விடிவதற்குள் அந்தக் கோட்டையில் ஒரீனாவின் மாமியார் உயிரோடு இல்லை. கொழுந்தன்மார் இல்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையும் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் மீனவப் பெண்கள் குழந்தைகளை மிரட்ட அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத் தரையில் காறித் துப்பினார்கள்.

தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் அவளுக்கு ஓவன் ஞாபகமே வந்தது.

அடுக்கு கருகிவிட்டிருந்தது. துணியைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

எத்தனை பெட்டி! ஈஸ்டருக்கு, தீபாவளிக்கு, ஹரிராயாப் பெருநாளுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் கிரீடத்தோடு அந்தப் பெயர். காவலாளிகளை ரொட்டி கொடுத்து மயக்கியவளின் பெயரில் ஊரெல்லாம் கேக் விற்றிருக்கிறாள். சாண்ட்ராவின் பள்ளிக்கூட ஜபருல்லா சார் போன மாதம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “யாரும்மா இந்தப் பேரு வெச்சது? தைரியம்தான்!” என்று சிரித்தது இப்போதுதான் உறைத்தது. அவள் அன்றைக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி வேறு சொன்னாள்.

“என்னம்மா ஒரீனா, ஏதோ கருகுது?” ஹாலிலிருந்து ரீத்தாவின் குரல் கேட்டது.

“அந்தப் பேரைச் சொல்லாதீங்க மாமி!”

“என்னது?”

“ஒண்ணும் இல்ல மாமி. பாத்துக்கறேன்.”

பாவம் ரீத்தா. அவருக்கு ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் தெரியாது. ராணியின் பெயர் என்று மகன் சொன்னான். மருமகளை ராணியாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கேக் லாப்பிஸில் கருகிய அடுக்கைச் சுரண்டி எடுக்க முடியாது. கீழே இருப்பதும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். பிரமிளா தட்டைக் கட்டையால் அதை அழுத்தி, அதன் மேலேயே அடுத்த கரண்டியை ஊற்றினாள்.

அந்த அடுக்கு வேகும்போது அவள் படிக்கவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, சாயந்திரம் நாலரைக்கு வீட்டுக்கு வாங்க.”

ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. “கேட்டுக்கு வெளியவா பாப்பா?” என்று கேட்டார் தயாளன்.

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. “நீங்க வாங்கண்ணே. அன்னிக்குத் திருப்பி எடுத்துட்டுப் போன தட்டு இருக்கில்ல, அதையும் எடுத்துட்டு வாங்க.”

நாலு மணிக்கு ஹால் நிறைந்தது. ஜபருல்லா சார் மனைவியோடு வந்திருந்தார். சாண்ட்ராவின் தோழி நோர்மா ‘வால்மோர்’ கழுகு போட்ட சட்டையில் வந்திருந்தாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, டிவிக்கு எதிரே தனக்கும் மனைவிக்கும் என்று இரண்டை ஒதுக்கியிருந்தான் கெல்வின்.

கேக் தட்டோடு பிரமிளா வந்தபோது, சாண்ட்ரா வாசலை மறித்து நின்றாள்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“மேற்கு வாசல் காவலாளிங்களுக்கு ஒரீனா என்ன குடுத்தா?”

“தேன் ரொட்டி.”

சாண்ட்ரா வழியை விட்டு விலகினாள். ஹாலுக்குள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த கெல்வின் அப்படியே நின்றான்.

“பிரமி, எப்படி... ஒனக்கு யாரு...” என்று ஆரம்பித்தான்.

“கேக் எடுத்துக்குங்க சார்,” என்று பிரமிளா ஜபருல்லாவிடம் தட்டை நீட்டினாள்.

துண்டு போட்ட கேக்கில், வரிசையான பொன்னிறக் கோடுகளுக்கு நடுவே கரி மாதிரி ஒரு கோடு ஓடியது. இது புது டிசைனா என்று நோர்மா மலாயில் கேட்டாள். ஆமாம், இன்றைக்கு மட்டும் என்றாள் பிரமிளா.

படம் தொடங்கியது. கடல், பாறை, கழுகு. நோர்மா கைதட்டினாள். கெல்வின் பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவியின் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கோட்டை வாசல் திறந்தது. வெள்ளைக் குதிரையில் ஒரு பெண் வந்தாள்.

“நம்ம ஒரீனா!” ரீத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. “எவ்ளோ அழகா இருக்கா பாரு! கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், எங்க மருமகளுக்கு டிவியில வரப்போற ராணி பேருன்னு.”

ஜபருல்லா சார் கேக்கை ரொம்பக் கவனமாக மென்றார். அவர் மனைவி கைப்பையில் எதையோ தேடினாள். நோர்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கூரை விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். எல்லோரும் படித்தவர்கள் ஆயிற்றே.

பிரமிளா டிவி ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். குதிரை மேல் இருந்தவளின் சிரிப்பு திரையில் அப்படியே நின்றது.

“ஏய், என்ன பண்றே?” என்று சாண்ட்ரா சீறினாள்.

“ஒரே ஒரு கேள்வி அண்ணி. கேட்டுட்டுக் குடுத்துடறேன். எனக்கு இந்தப் பேரை வெச்சது யாரு?”

சாண்ட்ரா அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். “நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“ஆளுங்க இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம்,” என்றான் கெல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அவங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாம இருந்தவ நான் ஒருத்திதான்.”

“அது ஒரு விளையாட்டு லா, பிரமி.”

“விளையாட்டுதானே? அப்ப மாமிகிட்ட சொல்லுங்க. அந்தக் கோட்டையில ஒரீனா என்ன பண்ணுவா?”

“என்னடா பண்ணுவா?” என்றார் ரீத்தா, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு.

கெல்வின் அக்காவைப் பார்த்தான். சாண்ட்ரா முந்திக்கொண்டாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: “மருந்து கலந்த ரொட்டியக் குடுத்துக் காவலாளிங்களைத் தூங்க வெப்பா. கேட்டைத் தொறந்து அண்ணங்காரனை உள்ள விடுவா. விடியறதுக்குள்ள புருஷன் வீட்டுல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. தொட்டில்ல கெடக்கற புள்ள வரைக்கும்.”

ரீத்தா கையிலிருந்த கேக்கை மெல்லத் தட்டில் வைத்தார். மருமகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். “இதையாடா என் வாயால தெனமும் சொல்ல வெச்சே?”

“நான் இத்தனை நாளும் நீங்கதான் எனக்கு எதிரின்னு நெனச்சேன் அண்ணி,” என்றாள் பிரமிளா.

“எனக்கு ஒன்னைப் புடிக்காது.” சாண்ட்ரா எழுந்து நின்றாள். “அன்னிக்கும் புடிக்கல, இன்னிக்கும் புடிக்கல. அதை மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போவேன். பேரு வெச்சுக் கொஞ்ச மாட்டேன். ஒன்னரை வருஷமா படி படின்னு எதுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்?”

“நேராவே சொல்லியிருக்கலாமே அண்ணி?”

“நான் சொன்னா நம்பியிருப்பியா?”

நம்பியிருக்க மாட்டாள். நாத்தனார் பொறாமையில் கோள் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். பிரமிளா கணவன் பக்கம் திரும்பினாள்.

“எதுக்குங்க?”

“நீ வேற என்ன பண்ணச் சொல்றே?” கெல்வினுக்குக் கோபம் வந்துவிட்டது, மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். “இவதான் குதிச்சா. தோட்டத்துப் பொண்ணு வேணாம், சாமி வேற, அவ வந்தா பின்னாலயே அண்ணன் வந்து வீட்டைப் புடிச்சுக்குவான்னு. வாரக்கணக்கா என்கிட்ட பேசல. நான் சொன்னேன், சரி, அப்ப அவ நம்ம ஒரீனான்னு. இவ சிரிச்சிட்டா. மறுநாளே சரின்னுட்டா. ஒன்னைக் கட்டிக்கத்தானே சொன்னேன்!”

“சிரிச்சேன். தப்புதான்,” என்றாள் சாண்ட்ரா. “அதை நீ அவகிட்டயே கொண்டுபோய் ராணி பேருன்னு சொல்லிக் குடுத்தப்ப எனக்குச் சிரிப்பு வரல.”

பிரமிளாவின் கண் நிறைந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இந்த மனிதன் தன்னைக் கேலிப்பொருளாக்கித்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறான். அந்தக் கேலியையே பெட்டியில் அச்சடிக்க விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

“போன வாரம் எங்க அண்ணனைக் கேட்டுக்கு வெளிய நிறுத்தினீங்களே,” என்றாள் மெதுவாக. “அதுவும் விளையாட்டா? இல்ல, தீவட்டி எடுத்துட்டு வர்றாருன்னு பயந்துட்டீங்களா?”

கெல்வின் தலையைத் திருப்பி டிவியைப் பார்த்தான். அதுவே பதில்.

“இங்க பாரு,” என்றாள் சாண்ட்ரா. “மொதப் பாகத்தோட நிறுத்திட்டுச் சண்டைக்கு நிக்காதே. ஒரீனாவோட புருஷன் அவளுக்கு முன்னாடியே என்ன பண்ணி வெச்சிருந்தான்னு மூணாவது பாகத்துல இருக்கு. அதையும் படி.”

“அக்கா! வாயை மூடு!”

நோர்மா துள்ளி விழுந்தாள். இவ்வளவு நேரம் மனைவியிடம் மாட்டிக்கொண்டு முழித்தபோதுகூட கெல்வினுக்கு வராத குரல் அது. மூன்றாவது பாகம் என்றதும் மட்டும் ஏன் வந்தது? பிரமிளா அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அப்போது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் தயாளனின் பழைய வேன். அவர் இறங்கி, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, போன வாரம் நின்ற அதே இடத்தில் நின்றார். நிற்கச் சொன்ன இடம் தெரிந்தவர் மாதிரி.

ஹால் வாசலில், மாதா படத்துக்குக் கீழே, ஆணியில் கேட் ரிமோட் தொங்கியது. பிரமிளா அதை எடுத்து அழுத்திவிட்டு, அங்கேயே நாற்காலி மேல் போட்டாள். கேட் கரகரவென்று நகர ஆரம்பித்தது.

“யாரைக் கேட்டுத் தொறக்கறே?” என்று கெல்வின் பின்னாலேயே வந்தான்.

அவள் திரும்பிப் பார்க்காமல் முற்றத்தில் இறங்கினாள். ஹாலுக்குள் எல்லோரும் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“பாப்பா.” தயாளன் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “பைய எடுத்துட்டியா? போலாமா?”

“பை எதுக்குண்ணே? நான் எங்கயும் வரல. நீங்க தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க.”

“மாப்ள...”

“என் வீடுண்ணே இது. வாங்க.”

தயாளன் ஒரு அடி வைத்தார். கேட் அப்போதுதான் முழுசாகத் திறந்து நின்றிருந்தது. அவருடைய செருப்பு கேட் நகரும் தண்டவாளத்தின் மேல் பட்ட நேரம், அது மறுபடியும் கரகரத்தது. மூடிக்கொண்டு வந்தது.

வாசற்படியில் கெல்வின் நின்றான். ரிமோட் அவன் கையில் இருந்தது. “சொல்லியிருக்கேன், இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு.”

“டேய், சென்சர் வேலை செய்யலடா!” என்று உள்ளேயிருந்து ரீத்தா அலறினார். “கெல்வின்! நிறுத்துடா!”

தயாளன் தட்டோடு அசையாமல் நின்றார். கைகள் இரண்டும் தட்டில் இருந்தன. தடுக்கக் கை இல்லை.

பிரமிளா போய் அவருக்கு முன்னால், தண்டவாளத்தின் மேலேயே, ஆறு மாத வயிற்றை கேட் வரும் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கணவனின் கண்ணையே பார்த்தாள். கேட் வந்துகொண்டிருந்தது.

கதையில் ஒரீனா கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிரமிளா ஒதுங்கவில்லை.